இதயத்தைத் தொடும் மூலிகைகள்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்து நகரம் ஒன்றில் பாமசி வேலை பார்ப்பவன் நான். துண்டைக் கொடுத்து மாத்திரை வாங்கிக்கொண்டபின், பின்னால் நிற்பவருக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திச் சிலர் கேட்பார்கள்: "இதோடு கஷாயமும் குடிக்கலாமா?" அந்தக் கேள்வியும் அதன் அக்காள் தங்கைகளும்தான் கீழே இருக்கின்றன.

நாட்டு மருந்தே ஆபத்து என்கிறீர்களா?

இல்லை. தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிப்பவரையும், தேநீரில் இஞ்சி தட்டிப் போடுபவரையும் பயமுறுத்துவது என் வேலையல்ல. இங்கே பேசப்போவது ஒரு சிறு கூட்டத்தைப் பற்றித்தான்: அரளி, வச்சநாபி, கார்த்திகைக் கிழங்கு, ஊமத்தை, பிறகு யாரும் சந்தேகப்படாத அதிமதுரம். இவை இதயத்தின் மேல் உண்மையாகவே வேலை செய்பவை. அதனால்தான் இவற்றால் கேடும் வருகிறது.

எனக்கு எரிச்சலூட்டுவது ஒரே ஒரு வாசகம்: "இயற்கையானது, பக்கவிளைவே இல்லை." இதய நோய்க்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டிகொக்சின் மாத்திரையே ஒரு செடியிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் ஒரு மூதாட்டியின் குடும்பக் கஷாயத்தில் நரிக்கையுறைச் செடி சேர்ந்திருந்ததைக் கவனித்த வில்லியம் விதரிங் என்ற வைத்தியர், அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1785இல் எழுதி வைத்தார். நீர் கோத்து வீங்கிய உடம்பு வடிந்ததை மட்டும் அவர் எழுதவில்லை. வாந்தி, நாடி மந்தமாவது, கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிவது ஆகியவற்றையும் சேர்த்தே எழுதினார். இன்று அந்த மருந்து ஒரு மாத்திரையில் மில்லிகிராமின் கால் பங்கு, அதற்கும் குறைவு என்று அளந்து வருகிறது. முற்றத்துச் செடியில் அந்த அளவை யாரும் அச்சிட்டு வைக்கவில்லை.

ஒரு செடி எப்படி இதயத்தைத் தாக்க முடியும்?

இதயத் தசையின் ஒவ்வோர் உயிரணுவும் சோடியத்தை வெளியே தள்ளி, பொற்றாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. இந்தப் போக்குவரத்துதான் இதயத் துடிப்பின் மின்சாரம். அரளி வகையில் உள்ள நஞ்சுகள் அந்தத் தள்ளும் பம்பை நிறுத்திவிடுகின்றன. உயிரணுவுக்குள் சோடியம் தேங்குகிறது. அதன் பின்னால் கல்சியமும் ஏறுகிறது. கொஞ்சமாக நடந்தால் தசை பலமாகச் சுருங்கும், அது மருந்து. கூடிவிட்டால் துடிப்பு மந்தமாகும், மேலறையிலிருந்து கீழறைக்குச் செய்தி போவது அறுபடும், தாளம் தப்பும். இரத்தத்தில் பொற்றாசியமும் எகிறும்.

வச்சநாபியின் வழி வேறு. சோடியம் உள்ளே வரும் வாசலை அது மூடவிடாது. அடைப்பான் கழன்ற பீலி போல ஓட்டம் நிற்காமல் இருக்க, கீழறைகள் தாமாகவே துடிக்கத் தொடங்கிவிடும். அதிமதுரம் இதயத்தை நேராகத் தொடுவதே இல்லை. சிறுநீரகத்தின் வழியாகப் பொற்றாசியத்தை வெளியேற்றி, இதயத்தைப் பின்வாசலால் பிடிக்கிறது.

அரளிப் பூ சாமிக்கு வைக்கிறோம். அதில் அவ்வளவு நஞ்சா?

பூவைப் பறித்து மாலை கட்டுவதால் ஒன்றும் ஆகாது. கையைக் கழுவிக்கொண்டால் போதும். உள்ளே போனால்தான் வினை. செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி எல்லாவற்றிலும் இலை, பட்டை, வேர், விதை என்று எந்தப் பகுதியும் விலக்கல்ல. மஞ்சள் அரளியின் விதை மிகவும் கொடியது. வடக்கில் இதையே அலரி என்பார்கள், சிங்களத்தில் கனேரு. இலங்கையில் 1980களின் தொடக்கத்திலிருந்து இந்த விதை பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. உலகில் அரளி நஞ்சு பற்றிய முக்கியமான மருத்துவ ஆய்வுகள் பல நம் நாட்டு வார்டுகளில் நடந்ததற்கு அதுதான் காரணம். பெருமைப்பட முடியாத பெருமை.

மூலநோய்க்கு, தோல் வியாதிக்கு, சர்க்கரைக்கு என்று அரளி வேரையோ இலையையோ உள்ளுக்குக் கொடுக்கும் கைமருந்து எங்காவது சொல்லப்பட்டால், சொன்னவர் யாராக இருந்தாலும் குடிக்க வேண்டாம். எருக்கம்பாலிலும் இதே குடும்பத்து நஞ்சு இருக்கிறது. எருக்கிலையை வாட்டி வலிக்கு ஒத்தடம் கொடுப்பது வேறு, பாலை உள்ளே எடுப்பது வேறு.

நன்றாகக் காய்ச்சினால் நஞ்சு போய்விடாதா?

அதிகம் பேரை ஏமாற்றும் நம்பிக்கை இது. ஏனென்றால் பாதி உண்மை.

வச்சநாபியைப் பொறுத்தவரை சூடு உதவும். நீண்ட நேரம் அவிக்கும்போது அதன் கொடிய பொருளான அக்கோனிட்டின் உடைந்து, நஞ்சு பல மடங்கு குறைந்த பொருட்களாக மாறுகிறது. கிழங்கைப் பசுவின் கோமியத்திலும் பாலிலும் ஊறவைத்து அவிக்கும் 'சுத்தி' முறையை நம் பழைய வைத்தியர்கள் வகுத்தது சும்மா அல்ல. ஆய்வுகூடம் இல்லாத காலத்தில் அதைக் கண்டுபிடித்தவர்களை நான் வணங்குகிறேன்.

ஆனால் அரளிக்கு இந்தக் கணக்கு செல்லாது. உலர்த்தினாலும் கொதிக்க வைத்தாலும் அரளியின் நஞ்சு பெரும்பாலும் அப்படியே நிற்கும்; கஷாயமாக்குவது நஞ்சைத் தண்ணீருக்கு இறக்கும் வேலைதான். ஒரு செடிக்குச் சரியாக இருந்த விதியை மற்றச் செடிக்கும் நீட்டுகிறபோதுதான் விபத்து நடக்கிறது.

வச்சநாபி நம் மலையில் வளர்வதில்லையே? பிறகு ஏன் அதைப் பற்றி இவ்வளவு பேச்சு?

சரிதான், அது இமயமலைப் பக்கத்துச் செடி. நம்மிடம் அது வருவது காய்ந்த கிழங்காக, மருந்துச் சரக்குக் கடையின் சாக்குப் பையில். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சரக்குக் கடையில் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்: கரும்பழுப்பு நிறத்தில், விரல் நீளத்துக்குக் குறைவாக, ஒரு நுனி கூம்பிய சுருக்கம் விழுந்த துண்டுகள். பக்கத்துச் சாக்கில் இருக்கும் தீங்கற்ற வேர்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பொட்டலத்தின் மேல் பென்சிலால் எழுதிய பெயர் வியர்வையில் அழிந்திருக்கும். சுத்தி செய்ததா, பச்சையாகக் காய்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பார்கள். வச்சநாபியில் அந்த அளவு எது என்பதே நிலையில்லை. விளைந்த இடம், பறித்த பருவம், அவித்த நேரம் ஆகியவற்றைப் பொறுத்துக் கிழங்குக்குக் கிழங்கு மாறும். போன மாதம் ஒன்றும் செய்யாத அதே கரண்டி அளவு இந்த மாதம் ஆளைச் சாய்க்கலாம். இந்தியாவின் மருந்து விதிகளில் ஈ(1) என்றொரு அட்டவணை உண்டு. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருட்களின் பட்டியல் அது. அரளி, கார்த்திகைக் கிழங்கு, எருக்கு, ஊமத்தை, எட்டி ஆகியவற்றோடு வச்சநாபியும் அதில் இருக்கிறது. இவை சேர்ந்த மருந்தை வைத்தியரின் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும் என்று புட்டியிலேயே எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே இது ஆங்கில வைத்தியம் நாட்டு வைத்தியத்தின் மேல் சுமத்தும் பழி அல்ல; நாட்டு வைத்தியமே இவற்றை விஷம் என்று பெயர் சொல்லி வைத்திருக்கிறது.

வச்சநாபி உள்ளே போனால் முதலில் உதடும் நாக்கும் விறுவிறுத்து மரத்துப்போகும். பிறகு கைவிரல்கள் மரக்கும். வாந்தி, பலவீனம், படபடப்பு வரும். இவை சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தொடங்கலாம். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. வார்டில் தாளத்தைக் கட்டுப்படுத்தி, உடம்பு நஞ்சைக் கழிக்கும் வரை தாக்குப்பிடிக்க வைப்பார்கள். கஷாயம் குடித்து நாக்கு மரத்தால், "மருந்து வேலை செய்கிறது" என்று யாராவது சொல்லக்கூடும். அந்தப் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

கொழுந்து எடுத்து எடுத்து முதுகும் முழங்காலும் வலிக்கிறது. எண்ணெய் பூசுவதில் என்ன தப்பு?

பெரும்பாலான எண்ணெய்களில் ஒரு தப்பும் இல்லை. வச்சநாபி சேர்ந்த வாத எண்ணெய் என்றால் மட்டும் மூன்று காரியம். காயம், அட்டை கடித்த புண், சொறிந்த தோல் இருக்கும் இடத்தில் பூச வேண்டாம். அங்கே நஞ்சு சுலபமாக உள்ளே போகும். பூசிய இடத்தின் மேல் சூடான தண்ணீர்ப் போத்தலை வைத்து இறுக்கிக் கட்ட வேண்டாம். மூன்றாவது முக்கியமானது: இந்த எண்ணெய் பல வீடுகளில் பழைய சோடாப் போத்தலில், குப்பி விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. லயத்து அறையில் உயரமான அலுமாரி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். தெரியும். கூரைச் சட்டத்தில் ஆணி அடித்துப் பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். பிள்ளைக்குச் சோடாப் போத்தல் என்றால் சோடாதான்.

கார்த்திகைக் கிழங்கும் இதயத்தைக் கெடுக்குமா?

கெடுக்கும், ஆனால் நேராக அல்ல. இதன் நஞ்சு கொல்கிசின். கீல்வாதத்துக்கு மிகச் சிறு அளவில் மாத்திரையாகக் கொடுப்பதும் இதுவே. கிழங்கைச் சாப்பிட்டவருக்குச் சில மணி நேரம் கழித்துக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அது அடங்கி ஆள் தேறிவிட்டதுபோலத் தெரியும்போது எலும்பு மச்சை, சிறுநீரகம், இதயத் தசை என்று ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு ஆபத்தில் விழுந்தவர்கள் உண்டு. தோண்டும்போது கொடியில் சிவப்பும் மஞ்சளுமாகத் தீநாக்கு போன்ற பூ இருக்கிறதா, இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக இருக்கிறதா என்று பாருங்கள். பூ உதிர்ந்த காலத்தில் அடையாளம் போய்விடும். தெரியாத கிழங்கு வீட்டுக்குள் வரவே வேண்டாம்.

அரளி துடிப்பை மந்தமாக்கும், ஊமத்தை வேகமாக்கும் என்கிறார்களே. அப்படியானால் ஒன்றுக்கு ஒன்று முறிவுதானே?

புத்திசாலித்தனமான கேள்வி, அதனாலேயே ஆபத்தான கேள்வி. ஊமத்தையில் உள்ள அத்ரோப்பீனை, அரளி நஞ்சுக்கு வார்டில் ஊசியாகக் கொடுப்பது உண்மைதான். அங்கே ஈ.சி.ஜி. திரையைப் பார்த்துக்கொண்டு, ஊசியின் அளவை மில்லிகிராம் கணக்கில் ஏற்றுவார்கள். ஊமத்தங்காயை அரைத்துக் கொடுத்தால் எவ்வளவு போகிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, உடம்பு கொதித்து, ஆள் பிதற்றத் தொடங்குவார். அரளியின் வேலையும் நிற்காது. நுவரெலியாப் பக்கம் வேலியோரம் மணிபோலக் கவிழ்ந்து தொங்கும் பெரிய வெள்ளை எக்காளப் பூவும் ஊமத்தையின் உறவுதான். இளைப்புக்கு அதன் இலையைப் புகைப்பதையும் விட்டுவிடுங்கள்.

அரளிக்கு உண்மையான முறிவு ஒன்று இருக்கிறது. செம்மறி ஆட்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும், டிகொக்சினுக்கு எதிரான எதிர்ப்பொருள் அது. மஞ்சள் அரளி நஞ்சில் அது தாளத்தை விரைவில் சீர்செய்கிறது என்பதைக் காட்டிய ஆய்வு இலங்கையில்தான் நடந்தது. 2000ஆம் ஆண்டு வெளியானது. விலை மிக அதிகம், ஆகவே எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் இருக்கும் என்று கணக்குப் போட முடியாது.

அதிமதுரத்தையும் ஏன் பட்டியலில் சேர்த்தீர்கள்? அது குழந்தைக்குக்கூடக் கொடுப்பதாயிற்றே!

இருமலுக்கு ஓரிரு நாள் ஒரு துண்டைச் சப்புவதைப் பற்றி நான் பேசவில்லை. வாரக்கணக்கில், நாள்தோறும், பொடியாகவும் கஷாயமாகவும் எடுப்பவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசரைசின், உடம்பு உப்பைப் பிடித்துவைக்கும்படியும் பொற்றாசியத்தைச் சிறுநீரில் விடும்படியும் சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. பிரஷர் ஏறும், கால் வீங்கும், தசை சோரும். பொற்றாசியம் மிகவும் இறங்கினால் இதயத்தின் தாளம் குலையும். இப்போது இதைப் பொருத்திப் பாருங்கள்: இதயப் பலவீனத்துக்கு கிளினிக்கில் "தண்ணி போகும் மாத்திரை" கொடுத்திருக்கிறார்கள், அதுவும் பொற்றாசியத்தை இறக்கும். கூடவே டிகொக்சின். பொற்றாசியம் குறைந்த உடம்பில் டிகொக்சின், கொடுத்த அளவிலேயே நஞ்சாக மாறும். இந்த மூன்றும் ஒரே ஆளின் பையில், வெவ்வேறு இடங்களில் வாங்கியவையாக இருக்கும். தனித்தனியே யாரும் தவறு செய்யவில்லை.

பிரஷர் உள்ளவர்களும் இதய, சிறுநீரக நோயாளிகளும் அதிமதுரத்தை ஒதுக்குவது நல்லது. தயார் பானப் பொடிகளின் பெட்டியில் உள்ள சரக்குப் பட்டியலையும் படியுங்கள். பலவற்றில் அது இருக்கிறது.

வால்வு நோய்க்கு வாபரின் எடுக்கிறேன். எதைத் தவிர்க்க வேண்டும்?

சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள், செயற்கை வால்வு வைத்தவர்கள் பலர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் இந்த மாத்திரையில் இருக்கிறார்கள். வாபரின் பொல்லாத மருந்து. சாப்பாடே அதை அசைக்கும். காலையில் இலைக்கஞ்சி குடிப்பதும், வல்லாரைச் சம்பலும் கெட்டவை அல்ல. ஆனால் ஒரு வாரம் நிறையச் சாப்பிட்டு மறுவாரம் நிறுத்தினால் இரத்தம் உறையும் கணக்கு தாறுமாறாகும். ஒரே சீராகச் சாப்பிடுங்கள். மஞ்சள், பூண்டு ஆகியவற்றைக் கறியில் சேர்ப்பது போக, மாத்திரைக் குப்பியாகவோ கரண்டிக் கணக்கிலோ தனியாக எடுக்க வேண்டாம், இரத்தக்கசிவு கூடலாம்.

மருதம்பட்டைக் கஷாயம் பற்றியும் கேட்கிறார்கள். கும்புக் மரம் என்று ஆற்றோரங்களில் நிற்பது அதுதான். இதயத்துக்கு நல்லது என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது, ஆய்வுகளும் நடக்கின்றன. நான் பார்க்கும் கேடு பட்டையால் வருவதல்ல: "பட்டை குடிக்கிறேன், இனி மாத்திரை எதற்கு" என்று கிளினிக் கொப்பியை மடித்து வைப்பதால் வருவது.

தேனிலும் இதய நஞ்சு உண்டாமே?

துருக்கியின் கருங்கடல் கரையிலும் நேபாளத்திலும் உண்டு. ரொடொடென்ட்ரன் பூக்களிலிருந்து தேனீ எடுக்கும் தேனில் கிரயனொடொக்சின் என்ற பொருள் சேர்ந்து, குடித்தவரின் நாடியையும் பிரஷரையும் விழவைக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மஹா ரத்மல் அந்த இனத்து மரம். அதற்காக மலைத் தேனையே பயந்து ஒதுக்கத் தேவையில்லை. அந்தப் பூவையும் இலையையும் மருந்தென்று அவித்துக் குடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

வெற்றிலை பாக்கு?

பாக்கில் உள்ள பொருள் இதயத் துடிப்பை வேகமாக்கும். புகையிலை சேர்ந்தால் இன்னும் கூடும். வாய்ப் புற்றுநோய் தனிக்கதை. இதய நோயாளி என்றால் விடுங்கள். விடுவது கஷ்டம் என்று தெரிந்தே சொல்கிறேன்.

ஃபேஸ்புக்கில் உடல் இளைக்கும் மூலிகை விற்கிறார்கள். நம்பலாமா?

2023இல் அமெரிக்காவில் 'தெஹோகொட்டே வேர்' என்று இணையத்தில் விற்ற உடல் இளைக்கும் மருந்துகளைச் சோதித்தபோது, 10இல் 9 உண்மையில் மஞ்சள் அரளியாக இருந்தன. பெட்டியில் ஒரு செடியின் பெயர், உள்ளே நம் வேலியோரத்து நஞ்சு. அதே நாட்டில் 1997இல் மூலிகைச் சரக்கு ஒன்றில் நரிக்கையுறை இலை கலந்து வந்து, குடித்தவர்களின் இதயத் தாளம் குலைந்தது. சோதனைக்கூடங்கள் நிறைந்த நாட்டிலேயே இப்படி. பார்சலில் வரும் பெயரில்லாப் பொடியை என்னவென்று சொல்வது?

நல்ல நாட்டு வைத்தியரை எப்படி அறிவது?

இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி நாட்டு வைத்தியர்கள் பதிவு பெற வேண்டும். பதிவைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக்குறைவு அல்ல. மருந்தில் என்ன சேர்கிறது என்று கேட்டால், நல்ல வெதமாத்தயா பெயர் சொல்வார், நீங்கள் எடுக்கும் மாத்திரைகளையும் விசாரிப்பார். "அது பரம்பரை இரகசியம்" என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள்.

குடித்தபின் ஏதோ செய்கிறது. எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

வாந்தி நிற்கவில்லை, தலை சுற்றுகிறது, மயக்கம் வருகிறது, நாடி மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ அடிக்கிறது, வாயும் விரலும் மரக்கின்றன, கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது: இவற்றில் ஒன்று போதும். அரளி விதையோ கார்த்திகைக் கிழங்கோ உள்ளே போனது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். அரளியில் இதயக் கோளாறு மணித்தியாலங்கள் கழித்தும் வரும்.

உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது எதுவும் வேண்டாம். மயங்கிய ஆளுக்கு அது சுவாசப்பைக்குள் போகும். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டுவதென்றால் காட்டுங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். ஈ.சி.ஜி. எடுத்து, ஆளைத் தொடர்ந்து கவனிக்கக்கூடிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோட்டத்தின் மேல் கணக்கிலிருந்து (மேல் பிரிவிலிருந்து) பிரதான வீதிக்கு இறங்கவே எவ்வளவு நேரம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மழை நாளில் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

யாராவது மனம் நொந்து வேண்டுமென்றே உட்கொண்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், சிகிச்சை ஒன்றுதான். அப்படி ஓர் எண்ணம் வருகிறவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம்.

கஷாயம் குடித்தேன் என்று சொன்னால் டொக்டர் ஏசுவாரே?

சிலர் ஏசுவார்கள். ஏச்சை வாங்கிக்கொண்டு சொல்லுங்கள். ஈ.சி.ஜி. தாளில் தாளம் தப்பியிருப்பது தெரியும். அது அரளியா, வச்சநாபியா, மாரடைப்பா என்று தாள் தானாகச் சொல்லாது. இவற்றுக்கான சிகிச்சைகள் வேறுவேறு. பொட்டலத்தில் மிஞ்சிய தூள், சட்டியின் அடியில் உள்ள கசடு, பறித்த கிளையில் ஓர் இலை, பூ, காய் என்று கையில் கிடைப்பதை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, குடித்த நேரத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி நோயாளியோடு அனுப்புங்கள். கிளினிக் கொப்பியையும் மறக்க வேண்டாம்.